ஜெபக்குறிப்பாகிப் போன பேச்சு

கேள்வி: எங்கள் சபையில் சனிக்கிழமை மாலைகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள 11 பெண் பிள்ளைகளுக்கு ஆராதனை நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி, டியூஷனில் உடன் படிக்கும் பையனோடு போனில் பேசிப் பழகுவதாக என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில், பெயரைச் சொல்லாமல், அவளுக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொண்டேன். எப்படியோ அவள்தான் என்று தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மா அவளை நடனத்திலிருந்து நிறுத்திவிட்டார். மற்ற பிள்ளைகளும் முன்போல என்னிடம் பேசுவதில்லை. "நம் வழக்கத்தில் இல்லாத நடனத்தைக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்" என்று கமிட்டியில் இரண்டு மூப்பர்கள் சொல்கிறார்கள். ஈஸ்டர் ஆராதனைக்குள் அவளை எப்படித் திரும்ப அழைத்து வருவது?
(பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

"எப்படியோ தெரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பதே 11 பேர். அதில் பத்தாம் வகுப்பு, டியூஷன் பையன் என்று இரண்டு அடையாளம் கொடுத்த பிறகு பெயர் எதற்கு? கூட்டம் முடிந்து டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். நானும் முப்பது வருடங்களாக இப்படிப்பட்ட கூட்டங்களில் பாய் விரித்து உட்காருகிறவள்தான். வம்பு என்றால் காதைப் பொத்திக்கொள்ளும் நல்ல பெண்கள்கூட, ஜெபக்குறிப்பு என்றால் நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். புதுச்சேரியில் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பதாக என்னிடம் சொன்னாள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆசிரியர் அறையில் அதைச் சொன்னேன். மறுநாள் இன்னொரு ஆசிரியை, வகுப்பில் எல்லோர் முன்னாலும், "தொட்டிக்குப் பின்னால் வெளிச்சம் போதுமாம்மா?" என்று கேட்டார். பரிவோடுதான் கேட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னிடம் படித்தாள். "ஆமாம் டீச்சர்", "இல்லை டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளையிடம் போய்க் கேட்பதா என்று இருந்துவிட்டேன். நீங்கள் கேளுங்கள்.

ஆயரம்மாவையோ சங்கத்துச் செயலாளரையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தனியாகப் போங்கள். முதலில் அம்மாவிடம் பேசுங்கள். தன் மகளைப் பற்றி ஊரார் வாயிலிருந்து கேட்க நேர்ந்தது அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! நடனத்தை நிறுத்தியதைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை. பிறகு அம்மாவின் அனுமதியோடு பெண்ணிடம், "நீ என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே சொன்னேன், அது தவறு" என்று சொல்லுங்கள். "உன் நன்மைக்காகத்தான்" என்ற வால் அதில் ஒட்டக் கூடாது. "மறுபடியும் நடனத்துக்கு வா" என்றும் அன்றைக்குச் சொல்லாதீர்கள். சொன்னால், ஈஸ்டருக்கு ஆள் குறைகிறது என்பதற்காக வந்தீர்கள் என்றுதான் அவளுக்குப் படும். உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்கே கொஞ்சம் அப்படிப் பட்டது.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்துவிட்டேன். அவள் அழுதாள் என்று இருக்கிறது, ஏன் அழுதாள் என்று எங்குமே இல்லை. 15 வயதில் ஒரு பையனைப் பிடித்துப்போவது யாருக்கும் நடக்காத அதிசயமா? அதற்காக மட்டும் ஒரு பிள்ளை அழுவதும் உண்டு, பாவம் செய்துவிட்டோம் என்ற பயத்தில். ஆனால் அவன் மிரட்டுகிறானா, படம் ஏதாவது கேட்டானா, இவள் அனுப்பிவிட்டாளா, அல்லது அழுகைக்குக் காரணம் அந்தப் பையனே இல்லாமல் வீட்டில் வேறு யாராவதா? "பையன்" என்று காதில் விழுந்ததுமே நமக்கு மற்றதெல்லாம் அடைத்துப்போகிறது. மன்னிப்புக் கேட்டு, அவள் மனம் ஆறிய பிறகு, "அன்றைக்கு ஏன் அழுதாய் என்று நான் கேட்கவே இல்லையே" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அவள் சொல்லாமல் போகலாம். அதற்காகத் துருவ வேண்டாம்.

சொன்னால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் விடுவது அந்தச் சட்டத்தின் 19, 21-ஆம் பிரிவுகளின்படி குற்றம். நீங்களோ ஆயரோ கமிட்டியோ யாரும் அதற்கு விலக்கில்லை. சபையின் சாட்சி, அதாவது நற்பெயர், கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிக்கிற வேலை அங்கே செல்லாது. அப்படி ஏதாவது என்றால் மகளிர் காவல் நிலையத்துக்கு நீங்களே உடன் போங்கள். யோசனை கேட்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். வரும் சனிக்கிழமை பத்துப் பேரையும் உட்கார வைத்து இப்படிச் சொல்லலாம்: "நீங்கள் சொல்வதை உங்களைக் கேட்காமல் வெளியே சொல்ல மாட்டேன். யாராவது உங்களுக்குக் கேடு செய்தால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அப்போதும் யாரிடம் சொல்கிறேன் என்று முதலில் உங்களுக்குத்தான் தெரியும்." வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலும் எழுந்து, இனிமேல் பிள்ளைகள் விஷயம் இங்கே ஜெபக்குறிப்பாக வராது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மூப்பர்கள் விஷயத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். யாத்திராகமம் 15-இல் மிரியாம் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆடினாள் என்று நீங்கள் சொன்னால், அவர்கள் மத்தேயு 14-ஐத் திருப்பி, ஆடிக்காட்டி யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்ட ஏரோதியாளின் மகளைக் காட்டுவார்கள். தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடினார் என்றால் வேறொன்று வரும். வசனத்துக்கு வசனம் பார்த்து மணி ஒன்பதாகிவிடும். வழக்கம் என்று கேட்டால், கும்மியும் கோலாட்டமும் நம் பாட்டிகள் ஆடியவைதான். திருச்சியில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி இன்றைக்குப் பரதநாட்டியத்தில் பட்டமே கொடுக்கிறது. இதையும் ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அந்தப் பெண் பையனோடு பழகியது டியூஷனில். டியூஷனை நிறுத்தச் சொல்லி எந்த மூப்பராவது கேட்டாரா? மறுத்துப் பேசுவதைவிட, அவர்களில் ஒருவரின் மனைவியைச் சனிக்கிழமைதோறும் வந்து உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பது எப்படியும் நல்லது. அம்மாக்களின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீடியோ எதுவும் வெளியே போகக் கூடாது. சிவப்பாக இருக்கிறவளை முன்வரிசையில் நிறுத்தும் பழக்கம் உங்கள் குழுவில் இருக்காது என்று நம்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது.

பிள்ளைகள் மறுபடியும் பேசுவார்களா என்று கவலைப்படுகிறீர்கள். நடனம் முடிந்த கையோடு எல்லோரையும் வாசலுக்கு அனுப்பாதீர்கள். துப்பட்டா ஊக்குகளைக் கழற்றி டப்பாவில் போடுவது, டாம்பரின்களில் சிக்கிய ரிப்பனைப் பிரிப்பது போன்ற வேலைகளை அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து செய்யுங்கள். கைக்கு வேலை இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாத நேரத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். நீங்கள் எதையும் கேட்க வேண்டாம், ரிப்பனைப் பிரித்துக்கொண்டிருந்தால் போதும். பலன் ஈஸ்டருக்குள் தெரியாது.

அவளும் ஈஸ்டருக்குள் வர மாட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொதுத்தேர்வும் நெருங்குகிறது. ஆனால் வெள்ளைச் சுடிதாருக்குத் துணி எடுக்கும்போது பதினொன்றாகவே எடுங்கள். அளவு கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம், கிறிஸ்துமஸுக்குத் தைத்த அளவு தையற்காரரிடம் இருக்கும். நீளத்தில் மட்டும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இந்த வயதில் நான்கு மாதத்துக்குள் வளர்ந்திருப்பார்கள்.