எழுத்துக்குக் கை பழக்குவோம்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்தை அறிமுகம் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம்.

மகளுக்கு இரண்டேகால் வயது. பென்சிலை முஷ்டியில் பிடித்துக் கிறுக்குகிறாள். புள்ளி வைத்த 'அ'வின் மேல் எழுதச் சொன்னால் எழுந்து ஓடுகிறாள். எப்படிப் பழக்குவது?
– வாசகி, திருச்சி

முஷ்டிப் பிடி இந்த வயதுக்கு உரிய பிடிதான், அதைத் திருத்த வேண்டாம். மூன்று விரலால் பென்சில் பிடிக்கும் வலு பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை, நாலு வயதை ஒட்டித்தான் வருகிறது. கோடுகளும் ஒரு வரிசையில்தான் கைவரும். இரண்டு வயதில் மேலிருந்து கீழே ஒரு கோடு, மூன்றை ஒட்டி வட்டம், நாலை ஒட்டிக் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம். 'அ'வில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. இரண்டேகால் வயதுக் கை அதைக் கண்டு ஓடாமல் என்ன செய்யும்?

பென்சிலை எடுத்து வைத்துவிட்டு ரவைத் தட்டு ஒன்று தயார் செய்யுங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், விளிம்பு 2 செ.மீ. உயரமுள்ள தட்டு போதும். அடியில் கருநீலச் சார்ட் தாளை வெட்டி ஒட்டுங்கள். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி அளவு வறுத்த ரவையைக் கொட்டிக் குலுக்கினால் 3 மி.மீ. உயரத்துக்குப் பரவும். விரலால் இழுத்தால் நீலக் கோடு பளிச்சென்று தெரியும். பலரும் தட்டு நிறைய ரவையைக் கொட்டிவிடுகிறார்கள். அப்போது ஓரம் சரிந்து கோடு மூடிக்கொள்ளும், பிள்ளை எழுதியது பிள்ளைக்கே தெரியாது. ரவையை வறுக்கச் சொல்வது வண்டு வராமல் இருக்கவும், மழைக்காலத்தில் கட்டி தட்டாமல் இருக்கவும். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கீழே பழைய போர்வை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், டைல்ஸ் தரையில் சிந்திய ரவை வழுக்கும்.

ரவைக்குப் பதில் உப்பு வேண்டாம். இந்த வயதில் கை வாய்க்குப் போகும், அதிக உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்து. கடையில் விற்கும் கோலப்பொடியும் வேண்டாம். அது பெரும்பாலும் கல்மாவு, மூக்கில் ஏறும். விஜயதசமியன்று நெல்லில் எழுத வைப்பது நல்ல வழக்கம். ஆனால் தினசரிப் பயிற்சிக்கு நெல்லின் கூர்முனை பிஞ்சு விரலைக் குத்தும்.

முதல் இரண்டு வாரம் எழுத்தே வேண்டாம். மழை பெய்வது போல மேலிருந்து கீழே கோடு, ரயில் போவது போல இடமிருந்து வலம், பிறகு தோசை வார்ப்பது போல வட்டம். ஐந்து நிமிடம் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால்தான் எழுதப் பழகினார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் மணல் எழுத்தைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போன ஏற்பாட்டில் இந்த மணல் தட்டும் ஒன்று.

உப்புத்தாள் எழுத்து அட்டைகளை வீட்டில் செய்ய முடியுமா? ஒருமுறை செய்து பார்த்ததில் அட்டை வளைந்துவிட்டது, எழுத்தும் திரும்பிக்கொண்டது.
– வாசகர், ஈரோடு

முடியும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் புழக்கத்துக்கு வந்த கருவி இது. 1939இல் அவர் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், நம் ஊரில் மாண்டிசோரி முறை பரவியதற்கு அது பெரிய காரணம்.

ஹார்டுவேர் கடையில் 150ஆம் எண் உப்புத்தாள் கேளுங்கள். 80ஆம் எண் விரலைச் சிராய்க்கும், 400 வழுவழுவென்று இருக்கும், எழுத்துக்கும் அட்டைக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. 23 × 28 செ.மீ. தாள் ஒன்றில் 10 செ.மீ. உயர எழுத்து நாலு வெட்டலாம். கோட்டின் அகலம் ஒன்றரை செ.மீ. இருக்கட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து போக இடம் வேண்டும்.

எழுத்தை முதலில் தடித்த தாளில் வரைந்து வெட்டி அச்சு செய்துகொள்ளுங்கள். அச்சைக் கவிழ்த்து உப்புத்தாளின் பின்பக்கம் வைத்து வரைய வேண்டும். உங்கள் எழுத்து திரும்பியது இங்கேதான்: பின்பக்கம் நேராக வரைந்து வெட்டினால் முன்பக்கம் கண்ணாடியில் தெரிவது போலத்தான் வரும். 'ட'வில் இது உடனே கண்ணில் படும், 'ப'வில் தெரியவே தெரியாது, 'ம'வில் ஒட்டிய பிறகுதான் தெரியும். வெட்டப் பழைய கத்தரிக்கோலை எடுங்கள்.

அட்டை வளைவதற்குக் காரணம் பசையின் ஈரம். பார்சல் பெட்டியின் அட்டையில் 15 செ.மீ. சதுரம் வெட்டி, எழுத்தின் பின்புறம் மட்டும் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி ஒட்டி, மேலே ஒரு தாளை வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். உயிரெழுத்துக்கு ஒரு நிற அட்டை, மற்றவற்றுக்கு வேறு நிறம். எழுதத் தொடங்கும் இடத்தில் பச்சைப் புள்ளி ஒன்று வையுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் 'ட'வைக் கீழிருந்து மேலே தடவுவார்கள், பிறகு அதையே எழுதுவார்கள்.

உப்புத்தாள் கிடைக்காத ஊரில், ஃபெவிகால் குப்பியின் மூக்காலேயே அட்டையில் தடித்த எழுத்து எழுதி, மேலே ரவையைத் தூவி, மறுநாள் உதறுங்கள். கொஞ்ச நாளில் உதிரும், ஆனால் வேலை நடக்கும்.

தடவும் முன் வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள், விரல் நுனிக்குச் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். முதலில் நீங்கள் மெதுவாகத் தடவி ஒலியைச் சொல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது? அத்தை 'அ'வில்தான் தொடங்க வேண்டும் என்கிறார். 'ட, ப, ம' என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

காதுக்கு 'அ', கைக்கு 'ட'. அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், சண்டை வராது. அம்மா, அப்பா, அத்தை, அண்ணன் என்று நம் வீட்டுச் சொற்களே 'அ'வில் நிற்பதால் அந்த ஒலியை முதல் நாளிலிருந்தே விளையாடலாம், அட்டையில் காட்டவும் செய்யலாம். விரல் தடவுவதற்கு மட்டும் 'ட' முதலில் வரட்டும். இறங்கி வலப்பக்கம் போனால் 'ட', அதிலிருந்து மேலே ஏறினால் 'ப', ஏறி உட்பக்கம் வளைந்து இறங்கினால் 'ம'. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதால் கைக்குச் சுலபம். சப்பாத்தி மாவை விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, தாளில் பெரிதாக எழுதிய 'ட'வின் மேல் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு துண்டைச் சேர்த்தால் 'ப' வந்துவிடும். மாவு கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசையுங்கள்.

மும்மூன்றாகச் சேர்க்கும்போது உருவம் ஒத்தவற்றை ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். க, த, ச மூன்றையும் தள்ளித் தள்ளி வையுங்கள். ண, ன இன்னும் தள்ளி.

பெரும்பாலான வீடுகளில் சொல் தேர்வில் ஒரு தவறு நடக்கிறது. 'ம'வுக்கு மாம்பழம், 'ப'வுக்குப் பூ என்று காட்டுகிறார்கள். மாம்பழத்தில் பிள்ளையின் காதில் விழுவது 'மா', பூவில் 'பூ'. தமிழில் அவை வேறு எழுத்துகள். 'ம'வுக்கு மணி, மஞ்சள், மல்லிகை. 'ப'வுக்குப் பந்து, பஞ்சு, பல். துணிப்பையில் மணியையும் பந்தையும் மஞ்சள் கிழங்கையும் போட்டு, பார்க்காமல் தொட்டு எடுத்துப் பெயர் சொல்லும் விளையாட்டு மூன்று வயதுக்கு மிகவும் பிடிக்கும். 'ட' தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. டப்பா, டம்ளர் என்று புழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

மெய்யெழுத்தை 'இக், இங்' என்று ஒப்பிக்க வைக்க இப்போது அவசரம் இல்லை. நாலு வயதை ஒட்டி, 'ம' அட்டையின் மேல் ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டச் சொல்லுங்கள். பொட்டு வைத்தால் வாய் மூடிக்கொள்ளும்: 'ம்'. பொட்டை எடுத்தால் வாய் திறக்கும்: 'ம'. ப, ட, ம், மூன்று அட்டையை வரிசையாக வைத்தால் படம். 'ட்' ஒன்று கூடினால் பட்டம். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மூன்று வயது மகன் அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்கிறான். 'உ'வைக் காட்டி என்னவென்று கேட்டால் விழிக்கிறான்.
– வாசகர், திருநெல்வேலி

பாட்டில் 'உ' என்பது 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் நடுவில் வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை உருவத்தோடு இன்னும் யாரும் கட்டிவைக்கவில்லை. கட்டுவதற்கு, பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகான் வகுத்து, மாண்டிசோரி பள்ளிகளில் புழங்கும் மூன்று படிகள் உண்டு. இரண்டு அட்டையை மட்டும் எடுங்கள், உருவம் நன்றாக வேறுபட்டவையாக, 'உ'வும் 'ப'வும் போல. முதல் படி: "இது உ. இது ப." இரண்டாம் படி: "ப எங்கே? உ-வைத் தாத்தா மடியில் வை. ப-வைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வை." மூன்றாம் படி: "இது என்ன?"

முதல் படிக்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாம் படியில்தான் நாள்கணக்கில் இருக்க வேண்டும், விளையாட்டெல்லாம் அங்கேதான். நாமோ நேராக மூன்றாவதற்குப் போய் "இது என்ன, சொல்லு" என்று கேட்கிறோம், அதுவும் விருந்தாளி முன்னால். விழித்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். "தப்பு" என்ற சொல்லே வேண்டாம், "இது உ" என்று சொல்லி விட்டுவிடுங்கள்.

புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி வைத்து எழுத்தின் மேல் அடுக்கலாமா? வயது இரண்டரை.
– வாசகி, விருதுநகர்

வேண்டாம். மூன்று வயதுக்குள் எதுவும் வாய்க்கோ மூக்குக்கோ போகலாம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் வைக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கணக்கு. புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டன், தண்ணீர்க் குப்பி மூடி எல்லாம் அதில் அடங்கும். குன்றிமணியோ எந்த வயதிலும் கூடாது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் எழுத்துகளின் பின்னாலுள்ள காந்தம் பெயர்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். எதையோ வாயில் வைத்திருந்த பிள்ளை திடீரென்று இருமி, பிறகு இருமல் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதிலுக்குப் பெரிதாகச் செய்யுங்கள். மொட்டைமாடியில் சாக்பீஸால் ஆள் உயர 'ப' எழுதி அதன் மேல் நடக்க விடுங்கள். இரண்டங்குலப் பெயின்ட் பிரஷும் அரை வாளித் தண்ணீரும் கொடுத்தால் சாக்பீஸ் எழுத்தைத் தண்ணீரால் எழுதி எழுதி அழிப்பார்கள். தோளிலிருந்து கை அசைவதற்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு. வாளி இருக்கும் வரை நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.

பேத்திக்கு நான் எழுதும் 'லை' வேறு, அவள் புத்தகத்தில் வேறு. குழம்புவாளா?
– தாத்தா, கும்பகோணம்

நீங்கள் கற்றது யானைத் தும்பிக்கை போல மேலே வளையும் பழைய வடிவம். 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. கற்கும் வயதில் ஒரே வடிவம் போதும், புதியதையே எழுதிக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு உங்கள் பழைய கடிதங்களைக் காட்டினால் ஆசையாகப் பார்ப்பாள். இன்னொன்று: 'ர'வும் துணைக்காலும் அவளுக்கு ஒன்றாகத் தெரியலாம். 'ர'வின் காலடியில் சாய்ந்து இறங்கும் கீற்றை வேறு நிறத்தில் எழுதிக் காட்டுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறோம். மகள் ஆங்கில எழுத்தைப் பகல்நேரக் காப்பகத்தில் படிக்கிறாள். தமிழையும் சேர்த்தால் சுமையா? இடது கையால் வேறு எழுதுகிறாள்.
– வாசகி, கனடா

சுமை இல்லை. ஒரே அட்டைக் கட்டில் இரண்டு எழுத்தையும் கலக்காமல், தமிழுக்கு வேறு பெட்டி, வேறு பாய், வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்குப் பெயர் ஒன்று, ஒலி ஒன்று. தமிழ் 'ம'வுக்கு அதன் ஒலிதான் பெயர். அதனால் 'மானா' என்றெல்லாம் சொல்லாமல் 'ம' என்றே சொல்லுங்கள். சொல் தெரியாத எழுத்து மனதில் நிற்காது. அட்டையை எடுக்கும் முன் மணியையும் மஞ்சளையும் தமிழில் பேசிப் பழக்கிவிடுங்கள்.

இடது கையை மாற்றவே மாற்றாதீர்கள். எந்தக் கை என்பது பலருக்கு நாலு வயது தாண்டித்தான் உறுதிப்படும். அட்டையை உடம்பின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல் விளிம்பு வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். அப்போது அவள் கை எழுத்தை மறைக்காது. ரவைத் தட்டில் மட்டும், எழுதியதை அவள் உள்ளங்கையே அழித்துவிடும், மணிக்கட்டைத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.