190 இலிருந்து 150 க்கு என்ன அவசரம், தம்பி?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 75 கிலோ. ரொறன்ரோவில் வசிக்கிறேன். மூன்று வருசமாக ஸ்கைடைவிங், அதாவது விமானத்தில் இருந்து பரசூட்டோடு குதிக்கிற விளையாட்டு, செய்கிறேன். 142 தரம் குதித்திருக்கிறேன், ‘பி’ லைசென்ஸ் இருக்கிறது. அப்பாவுக்குச் சுகமில்லாததால் ஒக்டோபரில் இருந்து ஊரில் நிற்கிறேன். மே மாதம் திரும்பிப் போனதும் என்னுடைய 190 சதுர அடி பரசூட்டை விற்றுவிட்டு 150 வாங்க யோசனை, ஒருவரோடு விலையும் பேசியாயிற்று. தலைக்கவசத்தில் கமெரா பூட்டவும் ஆசை. மனைவியும் அம்மாவும் இதை விடச் சொல்லி நிற்கிறார்கள். “எனக்கு எல்லாம் தெரியும், லைசென்ஸ் இருக்கு” என்றால் சண்டை இன்னும் கூடுகிறது. பாதுகாப்பாக இருக்க இனி நான் என்ன செய்யவேண்டும்? அவர்களுக்கு என்ன சொல்ல?
– பெயர் வேண்டாம், இணுவில்

பதில்:

தம்பிக்கு,

அப்பாவுக்குக் கெதியாகச் சுகம் வரட்டும். கடிதத்தில் அவருக்கு ஒரு வரி, பரசூட்டுக்கு மூன்று வரி. அதை அவர் வாசிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதிக்கு வழமையாக வருகிற கடிதங்கள் காணி எல்லையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும்தான். உங்கள் கடிதத்தைப் பிரித்த பிள்ளை “உதுக்கு ஆர் பதில் எழுதுறது?” என்று சிரித்தா. வெளிநாட்டில் இருந்த காலத்தில் நான் 600 தரத்துக்கு மேல் குதித்தவன் என்பது அவவுக்குத் தெரியாது. என் இடது கணுக்காலுக்குள் இப்போதும் இருக்கிற தகடும் ஆணிகளும் அந்தக் காலத்து மிச்சம்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது 142 என்ற எண். பத்தாவது குதிப்பில் நிற்கிறவனுக்குப் பயம் இருக்கும், பக்கத்தில் ஆசிரியர் இருப்பார், அவனுடைய வாரை இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார். ஆயிரம் தரம் குதித்தவனுக்குத் தான் செய்த பிழைகள் நினைவில் இருக்கும். நடுவில் நிற்கிற உங்களுக்கு இரண்டுமில்லை. கை பழகிவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது, கேள்வி கேட்க ஆளில்லை. ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்: அந்த 142 இல் எத்தனை, தெரிந்த அதே புல்வெளியில், அதே இளங்காற்றில், நல்ல வெயிலில் இறங்கியவை? ஒரே பாடத்தை நூறு தரம் படித்திருக்கிறீர்களா, நூறு பாடம் படித்திருக்கிறீர்களா என்பது குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

நீங்கள் இந்த மண்ணில் வளர்ந்தவர், பட்டம் ஏற்றாமல் இருந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெடியனைப் பட்டம் தூக்கிக்கொண்டு போன காணொளியை உலகமே பார்த்தது. பெரிய பட்டம், தடித்த கயிறு, சேர்ந்து இழுத்தவர்கள் கையை விட்டுவிட்டார்கள், அவர் மட்டும் விடவில்லை. பனை உயரத்தில் தொங்கி, கடைசியில் கையை விட்டு விழுந்து, பெரிய காயமில்லாமல் தப்பினார். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பட்டம் ஏற்றத் தெரியாதவர் யாராவது இருந்திருப்பார்களா? வடமராட்சியில் நடக்கத் தொடங்கும்போதே கயிறு பிடிக்கிறவர்கள் அவர்கள். தெரியாமல் போனது ஒன்றுதான்: இந்தப் பட்டத்துக்கு இந்தக் காற்றில் எவ்வளவு இழுவை இருக்கும், எந்த நொடியில் கயிற்றை விடவேண்டும் என்பது. சின்னப் பட்டம் தந்த அனுபவம் பெரிய பட்டத்துக்குப் பாதிதான் உதவும்.

பரசூட்டில் கணக்கு மறுபக்கம். அங்கே சிறியதுதான் முரடு.

உங்கள் எடை 75 கிலோ என்றால் சுமார் 165 இறாத்தல். உபகரணத்தோடு சேர்த்து 190 இறாத்தல் என்று வையுங்கள். இப்போது ஒரு சதுர அடித் துணி ஒரு இறாத்தலைத் தாங்குகிறது. 150 க்கு மாறினால் அது ஏறத்தாழ 1.27 ஆகும். வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்தோடு கூடும், அதாவது எட்டில் ஒரு பங்கு. “அவ்வளவுதானே” என்பீர்கள். நிலத்தில் மோதும்போது உடம்பு வாங்குகிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அது கால் பங்குக்கு மேல். கயிறுகளும் கட்டை. கையை அதே அளவு இழுத்தாலும் திரும்புவது வேகம், ஒரு திருப்பத்துக்கு இழக்கிற உயரமும் கூட. இடையில் 170 என்று ஒரு அளவு இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்க நினைக்கிறீர்கள். விலை பேசி வைத்தவர் காத்திருக்கட்டும், அல்லது வேறு ஆளுக்கு விற்கட்டும்.

இனி என் கணுக்கால். எனக்கு அப்போது 196 ஆவது குதிப்பு. மேலே காற்றைப் பிழையாகக் கணித்து, இறங்குகிற வெளிக்குத் திரும்பி வரமுடியாமல் ஒரு தோட்டத்துக்குள் இறங்கவேண்டி வந்தது. பரசூட் வடிவாக விரிந்திருந்தது, ஒரு முடிச்சுக் கூட இல்லை. கடைசி நேரத்தில்தான் முன்னால் கம்பி வேலி தெரிந்தது. பயத்தில் வலப்பக்கப் பிடியை முழுசாக இழுத்தேன். பரசூட் சொன்னதைச் செய்தது: சரிந்து திரும்பியது, திரும்பும்போது கீழ்நோக்கிப் பாய்ந்தது. வேலிக்கு ஒன்றுமில்லை. எனக்கு மூன்று மாதம் ஊன்றுகோல்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத விசயம் ஒன்றும் இரகசியமில்லை. பிரேக் என்கிற அந்த இரண்டு கைப்பிடியையும் பாதிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல விட்டால் பரசூட் சரியாமல் தட்டையாகத் திரும்பும், உயரம் அதிகம் போகாது. வாசித்திருந்தேன். கையால் ஒரு தரமும் செய்து பார்க்கவில்லை. பயந்த நேரத்தில் கை தான் பழகியதைத்தான் செய்யும், வாசித்ததைச் செய்யாது. இறங்கும்போதுள்ள வரிசையும் அப்படித்தான்: முதலில் பரசூட்டின் துணிச்சிறகு மட்டமாக இருக்கவேண்டும், பிறகு தடையைத் தவிர்க்கவேண்டும், பிறகு பாதியளவாவது பிரேக் இழுத்துக் கால்களைச் சேர்த்து உருள ஆயத்தமாகவேண்டும். காற்றை எதிர்த்து இறங்குகிற அழகெல்லாம் அதற்குப் பின்னால். காற்றோடு போய் இறங்கி முழங்கால் உரசுப்பட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். தாழ்வில் திரும்பினவர்களில் சிலரைத் திரும்பக் காணவில்லை.

ஆகவே முதல் வேலை, இறங்கும் பரசூட்டை ஓட்டப் படிக்கிற பயிற்சி. பெரிய குதிதளங்களில் இதற்கென்றே வகுப்பு வைக்கிறார்கள், ஒவ்வொரு இறக்கத்தையும் படம்பிடித்துப் போட்டுக் காட்டுவார்கள். உங்கள் 190 ஓடு அதற்குப் போங்கள். விமானத்தை விட்டு வந்த உடனே விரித்துவிட்டு, 3,000 அடிக்கு மேல் நிற்கும்போதே அரைப் பிரேக்கில் திரும்புவது, கடைசி நேரம் பிரேக் பிடித்தபடி சற்றுத் திரும்புவது, தோளையும் கயிறுகளையும் இணைக்கிற பின்வார்களை இழுத்து ஓட்டுவது எல்லாவற்றையும் கை மரத்துப்போகும்வரை செய்யுங்கள். கீழிருந்து காற்றடித்து ஆளை மிதக்கவைக்கிற காற்றுச் சுரங்கத்துக்குப் போகிறேன் என்று எழுதவில்லை, போனாலும் நல்லது. ஆனால் அங்கே வயிற்றில் மிதக்கப் படிக்கலாம், நிலத்தில் இறங்கப் படிக்கமுடியாது.

காற்றை ஊரிலேயே படிக்கலாம். பனங்கூடலுக்குப் பின்னால் பட்டம் ஏறாது என்று சின்ன வயதிலேயே தெரிந்திருப்பீர்கள். அங்கே காற்று உருண்டு புரளும். ஒரு தடையின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு தூரம்வரை அந்தப் புரளல் இருக்கும் என்பது பரசூட்காரர் கணக்கு. இருபது மீற்றர்ப் பனை என்றால் 200 மீற்றரும் போதாமல் போகலாம். காற்று நிரம்பி நிற்கிற துணிச்சிறகு அதற்குள் போனால் சுருங்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போங்கள். பட்டத்தைப் பார்க்க வேண்டாம், பட்டக்காரரைப் பாருங்கள். முச்சையை அவிழ்த்து அரை விரற்கடை மாற்றிக் கட்டுவார், திரும்ப ஏற்றுவார், திரும்ப இறக்குவார். வாடைக்காற்றில் ஐம்பது வருசம் நின்ற மனிசன் இன்றைய காற்றை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்பதுபோல நிற்பார்.

அடுத்தது மே மாதம். ஒக்டோபரில் இருந்து மே என்றால் ஏழு மாதம். அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்கில் ‘ஏ’ லைசென்ஸ்காரர் 60 நாளும் ‘பி’ லைசென்ஸ்காரர் 90 நாளும் குதிக்காமல் இருந்தால், ஆசிரியர் ஒருவரோடு மீட்டல் செய்துவிட்டுத்தான் ஏறவேண்டும். நீங்கள் குதிக்கிற இடத்து விதி என்ன என்று கேளுங்கள், கேட்காமலே மீட்டலுக்கு நில்லுங்கள். கனடாவில் குளிர்காலம் வந்து ஒவ்வொரு வருசமும் எல்லாரையும் புதியவர்கள் ஆக்கிவிடும். வசந்தத்தில் முதல் நாள் யார் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் போய் நிற்கிறார் என்று பார்த்தால், அநேகமாக அது அங்கே அதிகம் குதித்தவராக இருப்பார்.

இங்கே குதிக்க இடமில்லை, ஆனால் கட்டில் இருக்கிறது. குப்புறப் படுத்து, உடம்பை வளைத்து, நெஞ்சில் உள்ள இரண்டு பிடிகளையும் கண்ணால் பார்ப்பதாக நினைத்து, முதலில் வலப்பக்கம், அது பழுதான பரசூட்டை விடுவிக்கிறது, பிறகு இடப்பக்கம், அது றிசேர்வை, அதாவது ஆபத்துக்கென்று வைத்திருக்கிற இரண்டாவது பரசூட்டை, திறக்கிறது. வரிசை மாறினால் றிசேர்வ் பழுதானதற்குள் போய்ச் சிக்கலாம். தினமும் பத்துத் தரம் செய்யுங்கள். அம்மா பார்க்காத நேரம் செய்யுங்கள், பார்த்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவா. ஏன் இவ்வளவு என்றால், முழு வேகத்தில் ஆயிரம் அடி கடக்க ஐந்தரை நொடிதான். 3,000 அடியில் ஒன்றும் விரியாமல் விழுந்துகொண்டிருந்தால் நிலம் 17 நொடி தூரம். உங்கள் லைசென்ஸுக்கு அமெரிக்கக் கணக்கில் 1,800 அடிக்கு இறங்குமுன் பழுதானதை என்ன செய்வது என்ற முடிவு எடுத்தாயிற்று என்று இருக்கவேண்டும். அந்த உயரத்தில் நின்று “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்” என்று யோசிக்கிறவர்கள் புத்தி குறைந்தவர்கள் இல்லை, ஒத்திகை குறைந்தவர்கள்.

“கருவி காப்பாற்றும்தானே” என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 150 வாங்குகிறவர் மனதில் அது எங்கோ இருக்கும். 1991 இல் ஜேர்மனியில் இருந்து வந்த சைப்ரஸ் என்ற சிறு கணினி, 750 அடிக்குக் கீழே இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் றிசேர்வ் பையை மூடிவைத்திருக்கிற சிறு கயிற்றைத் தானே வெட்டி அதைத் திறக்கும். எத்தனையோ உயிரைக் காத்த சாமான். ஆனால் என்னுடைய வேலிக்கு அது ஒன்றும் செய்திருக்காது. நல்லபடி விரிந்த பரசூட்டின் கீழே தாழ்வில் திரும்பி மோதுகிறவனை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பழுதான பரசூட்டைக் கழற்றிவிட உதவுகிற மூன்று வளையப் பூட்டைக் கண்டுபிடித்த பில் பூத் இதை எப்போதோ கவனித்துச் சொல்லிவிட்டார்: உபகரணம் பாதுகாப்பாக ஆக ஆக மனிசர் அந்த மிச்சத்தை வேறு துணிச்சலில் செலவழித்துவிடுவார்கள் என்று. இன்றைக்கும் நல்ல பரசூட்டின் கீழேயே பலர் சாகிறார்கள்.

கமெரா: இப்போது வேண்டாம். 200 குதிப்பு வரட்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் அறிவுரை. கயிறு சிக்கும் என்பது ஒரு காரணம். படத்துக்காகக் குதிக்கத் தொடங்கிவிடுவீர்கள் என்பது பெரிய காரணம்.

விபத்து அறிக்கைகளை வாசியுங்கள். அமெரிக்கச் சங்கம் ஒவ்வொரு வருசமும் நடந்த மரணங்களைப் பெயரில்லாமல் எழுதி வெளியிடுகிறது. “என்ன மடையன்” என்று வாசித்தால் ஒன்றும் கிடைக்காது. விழுந்தவர் வேறுமாதிரிச் செய்திருக்கக்கூடிய கடைசி இடம் எது என்று விரலை வைத்துத் தேடுங்கள். அநேகமாக அது ஆகாயத்தில் இருக்காது. காலையில் காற்றுமானியைப் பார்த்துவிட்டும் விமானத்தில் ஏறிய இடத்திலோ, வாங்கிய பரசூட்டின் அளவிலோ இருக்கும்.

இனி மனைவியும் அம்மாவும். எண்களை நீட்டி அவர்களை வெல்ல நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2023 இல் ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்பில் 10 மரணம் என்பது உண்மைதான். உங்கள் மனைவிக்கு 36 இலட்சம் புருசன்மார் இல்லை. அவவுடைய பயத்துக்கு உங்களுடைய “எல்லாம் தெரியும்” தான் எண்ணெய் ஊற்றுகிறது. அதைச் சொல்லுகிற ஆளை நானும் விமானத்தில் பக்கத்தில் விரும்பமாட்டேன். அதற்குப் பதிலாக 150 வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். வகுப்புக்குக் காசு கட்டிய சிட்டையைக் காட்டுங்கள். காற்றுக் கூடின நாளில் குதிக்காமல் வீட்டுக்கு வந்து, குதிக்காத கதையை அவவுக்குச் சொல்லுங்கள். பேந்தும் விடத்தான் வேண்டும் என்று நின்றால், அது பரசூட்டைப் பற்றிய கதையில்லை, உங்கள் இரண்டு பேரின் கதை. தனியாக எழுதுங்கள், அதற்கும் பதில் தருகிறேன்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் உபகரணம் ரொறன்ரோவில் யாருடைய நிலக்கீழ் அறையிலோ ஏழு மாதம் கிடக்கப்போகிறது. றிசேர்வ் கடைசியாக மடித்த திகதி எழுதிய அட்டை அதனுள் இருக்கும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருக்கால் திரும்ப மடிக்கவேண்டும், உங்களிடத்துக் கணக்கையும் கேளுங்கள். அங்கே இருக்கிறவருக்குத் தொலைபேசி எடுத்து, அட்டையைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஈரம் பிடிக்காத இடத்துக்கு மாற்றியும் வைக்கட்டும்.