மாத்திரை அட்டையைப் பிரிக்கும் முன்

கேள்வி: எங்கள் டைகருக்கு (லாப்ரடார், 7 வயது, 30 கிலோ) தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஊசி குத்திப் பார்த்த டாக்டர், லிம்போமா என்ற புற்றுநோய் என்கிறார். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. கீமோவுக்குப் பெங்களூரு கூட்டிப் போகலாம் என்கிறான் தம்பி. "நாய்க்குப் போய் இவ்வளவா, ஒரு ஊசியைப் போட்டு முடிச்சிடு" என்கிறார் மாமியார். ராத்திரி தூக்கமே இல்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மாத்திரையை இன்னும் கொடுக்காமல் இருப்பது நல்லதாகப் போயிற்று. பிரட்னிசோலோன் உள்ளே போனால் சில நாளிலேயே கட்டி சுருங்கும், டைகர் பழையபடி துள்ளுவான். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் புற்றணுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு கீமோ போட்டாலும் சரியாகக் கேட்காது. ஆகவே கீமோ உண்டா இல்லையா என்பதை இந்த வாரமே முடிவு செய்யுங்கள், மாத்திரை அதற்கப்புறம். மூச்சுத் திணறல் வந்துவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: ஊசியில் எடுத்த சாம்பிளை நோய்க்குறியியல் நிபுணர் பார்த்தாரா? உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும். நம் பக்கம் உண்ணிக்கா பஞ்சம்? அதற்கான ரத்தப் பரிசோதனையோடு கால்சியம் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் சில நாய்களுக்குக் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி கணக்கு. சிகிச்சையே இல்லையென்றால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். பிரட்னிசோலோன் மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். பல மருந்து சேர்ந்த கீமோவில் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்து, சராசரியாக ஒரு வருடம் நல்லபடியாகப் போகும். டி-செல் என்ற வகை லிம்போமா என்றால் அதைவிடக் குறைவு. முழுக்கக் குணமாவது அபூர்வம். பெங்களூரு ஹெப்பாளிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகுமுன் போனில் விசாரித்து, மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். நாலைந்து மாதம், ஆரம்பத்தில் வாராவாரம் பயணம். வண்டி ஏறினாலே நடுங்குகிற நாயென்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆரம்பித்தால் கடைசிவரை கொண்டுபோக முடியுமா என்று முன்பே யோசியுங்கள்.

உள்ளூரிலேயே வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், போட்டுப் பழகியவரா என்று பாருங்கள். ரத்தக் குழாய்க்கு வெளியே மருந்து கசிந்தால் தோலும் சதையும் அழுகிவிடும். கீமோவில் மனிதர்களைப் போல முடி கொட்டுவது லாப்ரடாருக்கு அரிது. ஊசி போட்டு ஒரு வாரம் வாக்கில், தொற்றோடு போராடும் வெள்ளணு ரத்தத்தில் குறையும். அப்போது சோர்ந்து படுத்தால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 103 டிகிரியைத் தாண்டினால் அன்றே டாக்டர். ஊசிக்குப் பின் மூன்று நாள் மலம், மூத்திரத்தைக் கையுறை போட்டு அள்ளுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நோய் தொற்றாது, பிள்ளைகள் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம்.

கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது கைவிடுவது ஆகாது. அப்போது பிரட்னிசோலோனை வயிறு நிறைந்தபின் கொடுங்கள், டாக்டர் எழுதிய அளவில். திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே மெலாக்சிகாம், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை கொடுத்தால் குடலில் புண்ணாகி ரத்தம் கசியும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும். மாத்திரையால் தாகமும் பசியும் பேயாய்ப் பிடிக்கும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், ராத்திரி ஒருமுறை வெளியே விடுங்கள். மாங்காய்க் காலமென்றால் தோப்பில் அவிழ்த்துவிடாதீர்கள்: உதிர்ந்த மாம்பழத்தைக் கொட்டையோடு விழுங்கி, கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும். களி போடுகிற வீடென்றால் களியைப் பாதியாக்கி, வேகவைத்த முட்டையும் எலும்பில்லாத கோழியும் சேருங்கள். வெங்காயம், திராட்சை ஆகாது.

மாமியார் சொன்ன ஊசிக்கும் ஒரு நேரம் உண்டு, இப்போது இல்லை. டைகருக்குப் பிடித்த மூன்று காரியங்களைக் காலண்டரில் குறியுங்கள்: வாசல் கேட் சத்தத்துக்கு எழுந்து வருவது, தட்டைக் காலி செய்வது என்று எதுவானாலும் சரி. தினமும் நடந்ததற்கு ஒரு கோடு. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். கோடில்லாத நாட்கள் கூடிக்கொண்டே போனால், மூச்சு எண்ணிக்கை ஏறி நின்றால், தள்ளிப்போட வேண்டாம். முதலில் மயக்க ஊசி, பிறகு ரத்தக் குழாயில் மருந்து. சில நிமிடங்களில் முடியும். கண் திறந்தே இருக்கும், உடம்பு லேசாகத் துடிக்கலாம், மூத்திரம் போகலாம். அது வலியால் அல்ல. வீட்டுக்கே வரக்கூடிய டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். புதைக்கும் குழி நாலடிக்குக் குறையாமல், கிணற்றைவிட்டுத் தள்ளி.