நார்ம் ஸ்மித், பாப் ரோஸ்: ஆஸ்திரேலிய ஃபுட்பால் பதக்கங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நார்ம் ஸ்மித் பதக்கமும் பாப் ரோஸ் விருதும் ஒன்றுதானா?

பதில்: இல்லை தம்பி. ஏ.எஃப்.எல். என்பது ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் முதல்நிலை லீக். அதன் கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனல் அன்று இரு அணியிலும் சேர்த்து யார் பிரமாதமாக ஆடினாரோ, அவருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம். பாப் ரோஸ் விருது காலிங்வுட் கிளப்புடையது. ஃபைனல்ஸ் எனப்படும் சீசன் இறுதிச் சுற்று ஆட்டங்களில் சிறந்து ஆடிய தன் வீரருக்குத் தருகிறது.

எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. இந்தப் பெயர்களுக்குரிய இருவரும் 1964 கிராண்ட் ஃபைனலில் எதிரெதிரே நின்றார்கள்: மெல்போர்ன் கோச் நார்ம் ஸ்மித், காலிங்வுட் கோச் பாப் ரோஸ். கடைசி நிமிடங்களில் மெல்போர்னின் நீல் குராம்ப்டன், பின்வரிசைக்காரர், முன்னே ஓடி வந்து ஒரு கோல் அடித்தார். மெல்போர்ன் 64, காலிங்வுட் 60.

கேள்வி: சார், தோற்ற கோச் பெயரிலா விருது?

பதில்: ரோஸின் முழுக் கதையையும் பாருங்கள். ஆட்டக்காரராக 1953-ல் கோப்பை வென்றவர், கிளப்பின் சிறந்த வீரராக நான்கு முறை தேர்வானவர். கோச்சாக 1964-ல் கோப்பை 4 புள்ளியில் போனது, 1966-ல் ஒரே ஒரு புள்ளியில். 1970-ல் பாதி ஆட்டத்தில் 44 புள்ளி முன்னிலை இருந்தும் கார்ல்டனிடம் 10 புள்ளியில் தோற்றார்கள். இத்தனை முறை கிராண்ட் ஃபைனல் வரை அணியைக் கொண்டுபோனவர் பெயர் ஃபைனல்ஸ் விருதுக்குப் பொருத்தமில்லை என்றால் வேறு யாருடையது பொருந்தும்?

கேள்வி: நார்ம் ஸ்மித் பதக்கத்தை முதலில் வாங்கியது யார்?

பதில்: 1979-ல் கார்ல்டனின் வெய்ன் ஹார்ம்ஸ். தான் உதைத்த பந்தைத் தானே துரத்திப் போய், எல்லைக்கோட்டருகே தரையில் பாய்ந்து கையால் குத்தி உள்ளே தள்ளினார். கென் ஷெல்டன் அதை கோலாக்கினார். கார்ல்டன் வென்றது 5 புள்ளியில். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று காலிங்வுட் ரசிகர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். ஹார்ம்ஸ், ஸ்மித்துக்குப் பேரன் முறை.

கேள்வி: தோற்ற அணிக்காரருக்கும் கிடைக்குமா?

பதில்: கிடைத்திருக்கிறது. 1982-ல் ரிச்மண்டின் மாரிஸ் ரியோலி முதலாமவர். பிறகு 2002-ல் காலிங்வுட்டின் நேதன் பக்லி, 2005-ல் வெஸ்ட் கோஸ்டின் கிறிஸ் ஜட். ஆனால் 1989-ஐத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஜீலாங்கின் கேரி ஆப்லெட் தனியாளாக 9 கோல் அடித்தும் அணி 6 புள்ளியில் தோற்றது; பதக்கம் மட்டும் அவருக்கு. மாரிஸின் உறவுப்பிள்ளை சிரில் ரியோலி 2015-ல் ஹாத்தார்னுக்காக அதே பதக்கம் வாங்கினார்.

கேள்வி: மூன்று முறை வாங்கியவர் உண்டா?

பதில்: ரிச்மண்டின் டஸ்டின் மார்ட்டின்: 2017, 2019, 2020.

கேள்வி: ஸ்மித்தின் சொந்த கிளப்பில் யார் வாங்கினார்கள்?

பதில்: பல வருடம் ஒருவரும் இல்லை! ஆறு கோப்பை வாங்கித் தந்த கோச்சை 1965-ல் நடு சீசனில் மெல்போர்ன் வேலையை விட்டு நீக்கியது. சில நாளில் திரும்ப அழைத்தது. 1964-க்குப் பிறகு 57 ஆண்டு கோப்பையே இல்லை. 2021-ல் பெர்த்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 புள்ளியில் வீழ்த்தினார்கள். அன்று 39 முறை பந்தை எடுத்து ஆடி, 2 கோலும் அடித்த கிறிஸ்டியன் பெட்ராக்கா கழுத்தில் ஸ்மித்தின் பதக்கம் விழுந்தது. மெல்போர்ன் வீரர் ஒருவர் அதை அணிந்தது அதுவே முதல் தடவை.