பதினோரு கட்டுரை இருந்தும் அழைப்பு இல்லையே?

கே: கலைக் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருடமாக வணிகவியல் உதவிப் பேராசிரியை. பிஎச்.டி. முடித்தாயிற்று. நிதித் துறையில் 11 கட்டுரைகள் வந்திருக்கின்றன. இரண்டு நான் மட்டும் எழுதியவை, மற்றவை இருவராக எழுதியவை. ஐஐஎம்களுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. மூன்றே கட்டுரை எழுதிய என் தோழிக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. எங்கே பிசகினேன்?
- வாசகி, திருச்சி

ப: ஒரு கவுன்டரில் வாங்கிய டோக்கனை இன்னொரு கவுன்டரில் நீட்டியிருக்கிறீர்கள், அம்மா.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி வணிகவியலில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் எழுதினால் ஆளுக்கு 7. உங்கள் கணக்கு 20-ம் 63-ம் சேர்த்து 83. இம்பாக்ட் ஃபாக்டருக்கு, அதாவது இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்ற அளவுக்கு, கிடைக்கும் கூடுதலை விட்டுவிட்டாலும், இணைப் பேராசிரியர் பதவிக்குக் கேட்கும் 75-ஐத் தாண்டிவிட்டீர்கள். ஏழு கட்டுரை, எட்டு வருட அனுபவம் என்ற நிபந்தனைகளும் சரியாக இருக்கின்றன. வேறொரு கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாற, கட்டுரைக் கணக்கில் இந்தக் கோப்பு போதும்; மதிப்பெண் குறைந்தது மூன்று வகைப் பணிகளிலிருந்து வர வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஐஎம் வேறு கவுன்டர். அங்கே கட்டுரையை எண்ணுவதற்கு முன் எந்த இதழ் என்று பார்ப்பார்கள். ஆஸ்திரேலிய வணிகக் கல்லூரித் தலைவர்கள் கவுன்சிலின் ஏபிடிசி பட்டியல் இதழ்களைத் தரவாரியாக ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று நான்காகப் பிரிக்கிறது; ஏ ஸ்டார்தான் உச்சம். உங்கள் தோழியின் மூன்றில் ஒன்று ஏ-யில் வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நானும் இப்படி மாட்டியவன்தான். பல வருடம் முன்பு ஒரு நேர்காணலுக்கு 14 கட்டுரைகளை ஸ்பைரல் பைண்டிங் போட்டு எடுத்துப்போனேன். குழுவில் இருந்த ஒருவர் ஒன்றைப் புரட்டி, ஓர் அட்டவணையில் விரலை வைத்தார். "இங்கே 212 கம்பெனி. அடுத்த அட்டவணையில் 187. மீதி 25 எங்கே போச்சு சார்?" முழித்தேன். ப்ரோவெஸ் என்ற கம்பெனிக் கணக்குத் தரவுத்தளத்திலிருந்து தரவை இறக்கிச் சுத்தம் செய்ததெல்லாம் என்கூட எழுதியவர். நான் எழுதியது முன்னுரையும் முடிவுரையும். மற்ற 13 கட்டுரைகளைக் கேள்வி கேட்டவர் திறக்கவே இல்லை.

அதனால் ஒரு வருடம் புதிதாக எதையும் அனுப்பாதீர்கள். பதினொன்றில் எதன் தரவு உங்கள் கைக்குள் இருக்கிறதோ அதை எடுத்து வளர்த்து எழுதுங்கள். இதழில் வருமுன்பே கட்டுரையைப் பகிரும் எஸ்எஸ்ஆர்என் இணையதளத்தில் ஏற்றுங்கள். டிசம்பரில் நடக்கும் இந்தியா ஃபைனான்ஸ் கான்ஃபரன்ஸுக்கு அனுப்பிப் பாருங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் பலர் அங்கே வருவார்கள், 25 கம்பெனி எங்கே என்று அங்கேயே கேட்டுவிடுவார்கள். அப்புறம் ஏ-யிலோ பி-யிலோ ஓர் இதழைப் பாருங்கள். பதில் வர ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை இணைப் பேராசிரியர் விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள்.

கே: யுஜிசி-கேர் பட்டியலில் உள்ள இதழ் என்று சொல்லி, கட்டுரை வெளியிடப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், கரூர்

ப: ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி நிறுத்திவிட்டது. கட்டாதீர்கள்.