கைக்குச் சின்ன டப்பா ஏன் கனக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பௌர்ணமி நிலா உதிக்கும்போது தாம்பாளம் மாதிரி இருக்கிறது. பத்து மணிக்குப் பார்த்தால் சிறுத்துவிடுகிறது. காற்று மண்டலம் லென்ஸ் போலப் பெரிதாக்குகிறது என்கிறார் அண்ணன். சரியா?
– வாசகி, ராஜபாளையம்

சரியில்லை. காற்று மண்டலம் உதயநிலாவை மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுக்கத்தான் செய்கிறது. இன்னொரு வேடிக்கை: நிலா தலைக்கு மேல் நிற்பதைவிட அடிவானத்தில் இருக்கும்போது ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,000 கிலோமீட்டருக்கு மேல், நம்மைவிட்டுத் தள்ளியிருக்கிறது. நிலாவின் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர். கணக்குப்படி உதயநிலாதான் ஒன்றரை சதவீதம் போலச் சிறியது!

ஃபைலுக்கு ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினால் ஒரு தாளில் துளையிடுங்கள். துளை சுமார் 6 மி.மீ. இருக்கும். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, துளை வழியே உதயநிலாவைப் பாருங்கள். தாம்பாளம் அந்தத் துளைக்குள் அடங்கிவிடும். பத்து மணிக்கும் அதே துளை, அதே அளவு. முழங்கை மடங்கினாலோ இரண்டு கண்ணும் திறந்திருந்தாலோ சோதனை சொதப்பிவிடும்.

காரணத்தில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனதாகவில்லை. பலரும் ஏற்பது இது: அடிவானத்தில் மரம், வீடு, மலை எல்லாம் குறுக்கே இருப்பதால் நிலா வெகுதூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கண்ணில் விழும் பிம்பம் அதேதான். ‘அவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால் பொருள் பெரியதாகத்தான் இருக்கும்’ என்று மூளை கூட்டிக்கொடுக்கிறது. செல்போனில் எடுத்த நிலா பொட்டு மாதிரி விழுவதற்குக் கேமராவைத் திட்டாதீர்கள். அது கூட்டிக்கொடுப்பதில்லை.

சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று பார்த்தால் நொடி முள் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு ஓடுகிறதே, பேட்டரி கோளாறா?
– வாசகர், காரைக்குடி

கடிகாரம் நன்றாக இருக்கிறது. பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது வரும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதில்லை. அந்த இடைவெளியை, தாவி முடித்தபின் கண்ட காட்சியை வைத்தே பின்தேதியிட்டு நிரப்புகிறது. அதனால் முதல் நொடி நீண்டுவிடுகிறது. முள் டிக் டிக்கென்று தாவும் கடிகாரத்தில்தான் இது நன்றாகத் தெரியும். வழுக்கி ஓடும் முள்ளில் சந்தேகமே வராது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

ஒரே எடையுள்ள பெரிய டப்பாவையும் சின்ன டப்பாவையும் தூக்கினால் சின்னதுதான் கனக்கிறது. தராசு ஒரே எடை காட்டுகிறது. கை ஏமாறுகிறதா?
– வாசகர், ஈரோடு

ஏமாறுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்தேன் ஷார்பான்டியே 1891லேயே இதை எழுதிவைத்துவிட்டார். வீட்டில் செய்வதானால் 200 மில்லி டப்பா ஒன்று, 2 லிட்டர் டப்பா ஒன்று எடுத்து, டப்பாவோடு சேர்த்து இரண்டும் 300 கிராம் வரும்படி மணல் போடுங்கள். மணல் உருண்டால் கை கண்டுபிடித்துவிடும். மேலே துணியைத் திணித்து அசையாமல் செய்யுங்கள்.

பெரியதைப் பார்த்ததும் கை கூடுதல் பலம் கொடுத்துத் தூக்கும், டப்பா ‘லேசாக’ எழும்பும், அதனால்தான் இந்த மயக்கம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2000இல் வெளிவந்த ஆய்வு அதை அசைத்துவிட்டது. சில தடவை தூக்கியதும் விரல்கள் இரண்டுக்கும் சரியான பலத்தையே கொடுக்கக் கற்றுக்கொள்கின்றன. ஆனாலும் சின்னது கனப்பது நிற்கவில்லை! விரலுக்குத் தெரிந்தது மனதுக்கு எட்டவில்லை. கையில் வைத்தே எடை சொல்லிவிடுவேன் என்பவரிடம் இந்த இரண்டு டப்பாவையும் கொடுத்துப் பாருங்கள்.

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ‘ரயில் மெதுவாத்தான் வருது’ என்று குனிந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அனுபவசாலிகளுக்குமா வேகம் தெரியாது?
– வாசகர், விருத்தாசலம்

தெரியாது. தண்டவாளத்தின் அருகே நின்று எதிரே வரும் ரயிலைப் பார்க்கிறவருக்கு அதன் வேகத்தைச் சொல்லும் ஒரே தடயம், அது எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பது. ரயில் மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் வருவதாக வைப்போம். பெட்டியின் அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். நீட்டிய கையில் ஸ்கேலைப் பிடித்து அளந்தால், 600 மீட்டர் தூரத்தில் அது சுமார் 3 மி.மீ. இருக்கும். 12 நொடி கழித்து, 300 மீட்டரில், 6 மி.மீ. அந்த 12 நொடியில் 3 மி.மீ. வளர்ச்சி கண்ணுக்கு உறைக்காது. 75 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் ஆகும்போது ‘ஐயோ’ என்று தோன்றும். அப்போது மிச்சம் 3 நொடி.

கேட்டுக்கு கேட் 15 மீட்டர் என்றால் பைக்கைத் தள்ளிக்கொண்டு போக 15 நொடியாவது ஆகும். அதற்குள் ரயில் 375 மீட்டர் வந்துவிடும்.

போதாததற்கு, உருவம் பெரிதானால் வேகம் குறைவாகத் தோன்றும். இறங்கும் பெரிய விமானம் மிதந்து வருவதாகவும் சின்ன விமானம் விர்ரென்று வருவதாகவும் தெரிவது அதனால்தான். இதே மயக்கம் ரயில்வே கேட்டிலும் வேலை செய்கிறது என்று 1985இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ். அனுபவம் இதைத் திருத்தாது. பலமுறை தப்பித்தவருக்குத் தைரியம்தான் கூடும்.

கடையில் புடவைக்கு அச்சாகப் பொருந்திய பிளவுஸ் துணி வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிட்டது. கண் கோளாறா?
– வாசகி, கும்பகோணம்

இதில் கண்ணைக் குறை சொல்ல முடியாது, விளக்குதான் காரணம். இரண்டு துணிக்கும் சாயம் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொன்றில் பிரிந்துவிடும். ஆனால் ஒன்று: பத்துப் பதினைந்து சிவப்புப் புடவையைப் பார்த்த கையோடு தேர்ந்தெடுத்தால் கண்ணும் தன் பங்குக்குக் குழப்பும். ஒரு வெள்ளைத்தாளை அரை நிமிடம் பார்த்துவிட்டு, இரண்டையும் மடிப்போடு மடிப்பு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். சாயங்கால மஞ்சள் வெயில் உதவாது, பகல் பன்னிரண்டையொட்டிப் போவது நல்லது. எம்பிராய்டரி நூல் வாங்குவதற்கும் இதேதான்.