எந்தக் குழாயில் குடிக்கிறான்?

(தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் 33 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், என் மகன் இரண்டாம் வகுப்பு. புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கின்றன. ‘ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை’ என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்களாம். இரண்டு வேளையும் நான்தான் பக்கத்தில் நின்று தேய்க்க வைக்கிறேன். குடிக்கப் போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். நான் என்ன தவறு செய்கிறேன்?
– ஒரு தாய், பென்னாகரம்

பதில்: தேய்ப்பதில் குறையே இல்லை அம்மா. பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் சொல்வது நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பால் வரும் கறை போலத்தான் தெரிகிறது. அது பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஏறிவிடுவது. பிரஷ் போட்டுப் போகாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பையனை இப்படி வெளியே நிறுத்தினேன். மறுநாள் செங்கல் பொடியில் தேய்த்து, ஈறெல்லாம் புண்ணாகி வந்தான். கறை அப்படியே இருந்தது. ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் அவன் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறான். அந்தப் படத்தை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். 2013 முதல் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வந்தால் குடிக்க மட்டுமல்ல, சோறு பருப்பு வேகவைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். ஏறக்குறைய எட்டு வயது வரை பின்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். இப்போது மாற்றினாலும் அவற்றுக்குப் பலன் உண்டு.

எங்கள் பள்ளியில் இரண்டு குழாய்கள்: ஒன்று போர், ஒன்று ஒகேனக்கல். ஒகேனக்கல் குழாய்க்குப் பிள்ளைகளையே நீலப் பெயின்ட் அடிக்க வைத்தேன். ஒரே வாரத்தில், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் போர் குழாயில் குடிக்கப் போன பெரியவர்களையே ‘அதுல குடிக்காதீங்க’ என்று மறித்தார்கள். ஊருக்கு விருந்து போன இடத்திலும் ‘இது எந்தத் தண்ணி?’ என்று கேட்டார்களாம். சொல்லிக் கொடுத்து வந்ததல்ல, தாங்களே பெயின்ட் அடித்ததால் வந்தது.

ராகிக் களி, கீரை, கொய்யா, நெல்லிக்காய் கொடுங்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; அது ஃபுளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கட்டன் டீ வேண்டாம். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: நாலாவது படிக்கும் மகள் கொண்டுபோன தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். எவ்வளவு திட்டியும் கேட்கவில்லை.
– ஒரு தந்தை, ஊத்தங்கரை

பதில்: திட்டாதீர்கள். பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் பெண் பிள்ளைகள் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வார்கள். அதற்காகவே குடிக்க மாட்டார்கள். சிறுநீர்த் தொற்று இப்படியும் வருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய், முதல் பேச்சாகத் தாழ்ப்பாளைக் கேளுங்கள்.